கழுவியும் போகாத பச்சை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. உன் முழங்கால் வலி குறைந்ததா?

பட்டறையில் குட்டி வீட்டு மாடல்களுக்குச் சாயம் தெளிக்க, என்னையே ஓர் ஏர்பிரஷ் பார்த்து எடுக்கச் சொன்னார்கள். கடையில் புதியது எதுவும் கைக்கு வாகாக இல்லை. பழையது ஒன்று மட்டும் அப்பாவையும் என்னையும் போன்ற இடதுகைக்காரர் பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருந்தது.

"ரிப்பேருக்குக் குடுத்தவரும் உங்கள மாதிரி எடதுகைதான். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்னு போனவரு, வரவே இல்ல" என்றார் கடைக்காரர்.

மூன்று தடவை கழற்றிக் கழுவிவிட்டேன். வெள்ளையை ஊற்றினாலும் முதலில் ஒரு வெளிர்பச்சைதான் வருகிறது. உள்ளே பழைய சாயம் ஒட்டியிருக்கும், வேறொன்றும் இல்லை. ஆனால் அது நம் அடுப்படிச் சுவரின் பச்சை, அம்மா. அப்பா இதே நாட்டுக்குக் கிளம்புமுன் தானே கலந்து அடித்தாரே, அதே பச்சை.

பழைய பருத்தி வேட்டி இருந்தால் துடைக்கக் கிழித்து அனுப்பு. அப்படியே, அப்பாவிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தை எடுத்துப் பார். ஓரத்தில் பெருவிரல் கறை ஒன்று இருக்குமே, அது என்ன நிறம்?

பட்டறை மாஸ்டர் கூப்பிடுகிறார். உன் பதில் வரும்வரை ஏர்பிரஷைக் கழுவ மாட்டேன்.

உன் மகன்