டோலக்கில் ஷாஹித்

ஆம்பூர்
1.12.2025

அன்புத் தங்கை அஃப்ரோஸுக்கு மூர்த்தி அண்ணன் எழுதுவது. நானும் சௌமியாவும் சுகம். உன்னையும் குழந்தை முபஷ்ஷிராவையும் அல்லா ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு இதென்ன கடிதம் என்று கேட்காதே. போன் செய்தால் "வெச்சிட்றேன் அண்ணா, லைன் பிஸியா இருக்கக் கூடாது" என்கிறாய். உன் வீட்டுக்காரன் ஷாஹித் கூப்பிடும் நேரத்தில் லைன் கிடைக்காமல் போய்விடுமோ என்று உனக்குப் பயம். அதனால்தான் எழுதிச் சௌமியா கையில் கொடுத்தனுப்புகிறேன். ஷூ கம்பெனியில் உன் பக்கத்து மெஷின்காரி என் வீட்டுக்காரியாக இருப்பதில் தபால் செலவு மிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருக் கமிட்டி ஆம்புலன்ஸ் வாங்க நிதி திரட்டுகிறது. 21ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம், பைபாஸ் ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் இன்னிசைக் கச்சேரி. நம் இசைக்குழு சம்பளம் வாங்காமல் வாசிக்கிறது. ஜெயப்பிரகாஷ் கீபோர்டு. ஹெலன் பாட்டு. கேரல் பயிற்சியை விட்டுவிட்டு வருகிறாள், "ஃபாதர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று என்னை மிரட்டுகிறாள். தொகுத்து வழங்குவது வாயை வாடகைக்கு விடும் உன் அண்ணன்தான்.

டோலக்குக்கு மட்டும் ஆள் வைக்கவில்லை. வேலூரிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம் என்றார் கமிட்டித் தலைவர் அஹமது பாஷா பாய். எங்களுக்கு மனசு வரவில்லை. தாளத்துக்கு ஜெயப்பிரகாஷின் ரிதம் பெட்டி போதும். ஷாஹித் உட்காரும் இடத்தில் அவன் மைக்கை மட்டும் வைக்கப்போகிறோம்.

இனிமேல் எழுதுவதற்குத்தான் கை கூசுகிறது. பாலாற்றுத் தரைப்பாலத்தில் அவனை வெள்ளம் இழுத்துப்போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. வண்டிக்கு அவன் பெயரையே வைக்கலாம் என்கிறார் பாஷா பாய். 'மறைந்த டோலக் கலைஞர் ஷாஹித் நினைவாக' என்று பேனர். வண்டி பிறகுதான் வரும் என்றாலும், மேடையில் ஒரு மாதிரிச் சாவியை நீ வாங்கி டிரைவரிடம் கொடுக்க வேண்டுமாம். உன்னைக் கேட்காமல் அச்சுக்குப் போகாது என்று சொல்லிவிட்டேன். யோசித்து எழுது.

உன் அண்ணன்
மூர்த்தி


ஆம்பூர்
5.12.2025

மூர்த்தி அண்ணாவுக்கு அஃப்ரோஸின் ஸலாம். அண்ணி கொடுத்தனுப்பிய புளிச்சாதத்தை முபஷ்ஷிரா தட்டோடு நக்கிவிட்டாள்.

அண்ணா, அந்த 'மறைந்த'வை எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர், மறைவது என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போவது என்று சொல்லித்தந்தார். அப்படிப் பார்த்தால் நீங்கள் எழுதியதில் தப்பில்லை. ஆனால் பேனரில் பெயருக்கு முன்னால் போட்டால் அதற்கு அர்த்தம் மௌத்துதான், செத்துப்போனதுதான். ஊரே படித்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போய்விடும். நான் அதற்கு அடியில் நின்று சாவி வாங்க வேண்டுமா?

இங்கே வீட்டிலும் இதே பேச்சுதான். காணாமல் போனவருக்கு நான்கு வருடம் காத்திருந்தால் போதும், அதற்குமேல் மௌத்தானதாக வைத்து இத்தா உட்காரலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்து துக்கம் காத்தால் முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு மாப்பிள்ளை பார்க்க என் கூடப்பிறந்த அண்ணன் தயாராக இருக்கிறார். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் கோபம் கோபமாக வருகிறது.

உங்களுக்குத் தெரியாததா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் என்றைக்காவது வாயால் பதில் சொல்லியிருக்கிறாரா? மேடையில் நீங்கள் 'டோலக்கில் ஷாஹித்' என்றதும் இடது கையில் ஒரு இழுப்பு, வலது கையில் மூன்று தட்டு. வீட்டிலும் அதேதான். மாமியார் "ஷாஹித்!" என்று கத்தினால் குளியலறையிலிருந்து பக்கெட் பதில் சொல்லும். வேலை முடிந்து வந்தால் கதவிலும் அந்த மூன்று தட்டுதான்.

அது இன்னும் எனக்குக் கேட்கிறது அண்ணா. பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். குக்கர் மூடியில் கேட்கிறது. கம்பெனியில் தோல் தைக்கும்போது மெஷினில் கேட்கிறது, தையல் கோணிப்போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறேன். நேற்றுக்கூடக் கதவைத் திறந்து பார்த்தேன். டோலக்கைப் பாலாறு முள்செடியில் மாட்டித் திருப்பித் தந்தது. அவரைத் தரவில்லை. தராததை எப்படி நான் அடக்கம் செய்வேன்?

நான் வரவில்லை. நீங்கள் நன்றாக நடத்துங்கள்.

அஃப்ரோஸ்


ஆம்பூர்
14.12.2025

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடியே எடுத்தாயிற்று. பேனரில் 'ஷாஹித் ஆம்புலன்ஸ்' என்று மட்டும்தான் இருக்கும். பாஷா பாய்தான் குதித்தார். "இன்னா மூர்த்தி, பேர் மட்டும் போட்டா வண்டி ஓனர்னு நெனச்சிடுவாங்கோ!" நினைத்தால் என்ன பாய், அவனிடம் இருந்தது அந்த ஓட்டை ஸ்கூட்டர்தானே, இப்போதாவது பெரிய வண்டிக்கு ஓனராகட்டும் என்றேன். சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேனரை மாற்றிவிட்டேன், என் வாயை என்ன செய்வது? மேடையில் அவன் பெயருக்கு முன்னால் ஏதாவது சொல்லியாக வேண்டும். 'காணாமல் போன' என்றால் போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'அமரர்' என்றால் நீ என்னைக் கொன்றுவிடுவாய். 'நம்மோடு இல்லாத' என்றால் துபாய்க்குப் போனவனுக்கும் பொருந்தும். பேசியே பிழைத்தவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், முன்னால் எதுவும் வேண்டாம், பெயரை மட்டும் சொல்லி வணங்கிவிட்டுப் போய்விடுவோம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒத்திகை நடக்கிறது. ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஷாஹித் மைக்கைப் போட்டு வைத்திருந்தோம். பாட்டு முடிந்து எல்லாரும் தண்ணீர் குடிக்கும்போது சவுண்ட் மிக்சரில், சத்தம் விழுந்தால் எரியும் அந்த மைக்கின் விளக்கு மட்டும் துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது. ஹெலன் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெயப்பிரகாஷ் "ஃபேன் காத்துப்பா" என்று ஃபேனை நிறுத்தினான். விளக்கு நிற்கவில்லை.

மனசு மாறினால் வா. மேடைக்கு வர வேண்டாம். பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி உனக்கு இருக்கும்.

மூர்த்தி


ஆம்பூர்
22.12.2025

தங்கை அஃப்ரோஸுக்கு,

உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் எழுதுகிறேன். கடைசி வரிசையில் நீ இருந்தாய் என்று சௌமியா வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். 'கைதட்டல் கம்மியா இருக்கே, மதியம் சாப்பிட்ட பிரியாணி இன்னும் கையில ஒட்டியிருக்கா?' என்று வழக்கமான என் பழைய ஜோக்குக்கும் சிரித்தார்கள். உண்டியல் இரண்டு முறை நிரம்பியது. வண்டி வந்துவிடும், அந்தக் கவலை விட்டது.

பிறகு கலைஞர்களை அறிமுகம் செய்ய ஆரம்பித்தேன். கீபோர்டில் ஜெயப்பிரகாஷ் என்றேன், அவன் ஒரு ஓட்டம் ஓட்டினான். எத்தனை மேடையில் சொல்லிய வரிசை அது! மனசு நிற்பதற்குள் நாக்கு ஓடிவிட்டது. கையை நீட்டி, அந்தப் பக்கம் திரும்பி, சத்தமாக, "டோலக்கில்... நம்ம ஆம்பூர் ஷாஹித்!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

ஜனம் பழைய பழக்கத்தில் கைதட்டியது. தட்டிய கை பாதியில் நின்றது.

அப்போது கேட்டது அஃப்ரோஸ். ஒரு இழுப்பு, மூன்று தட்டு. ஜெயப்பிரகாஷ் பெட்டியில் கை வைக்கவே இல்லை என்று தாய் மேல் சத்தியம் செய்கிறான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. ஹெலனுக்குக் கேட்டு அடுத்த பாட்டைப் பாட முடியவில்லை. பாஷா பாய் எழுந்து நின்றுவிட்டார். முன் வரிசையில் பாதிப் பேர் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய தப்பைச் செய்துவிட்டேன். ஆனால் அவன் பதில் சொன்னானே! நீ சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றுகிறது. மேட்டூரோ மும்பையோ, எங்கோ உயிரோடு இருக்கிறானோ? தேடலாமா? நீ சொல், நான் கிளம்புகிறேன்.

உனக்கும் கேட்டிருக்குமே?

மூர்த்தி


ஆம்பூர்
24.12.2025

மூர்த்தி அண்ணாவுக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. முதலில் அதை நம்புங்கள்.

எனக்குக் கேட்கவில்லை அண்ணா.

எங்கள் வரிசையிலும் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு "கேட்டுச்சா, கேட்டுச்சா" என்றார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றுமே இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட இல்லை.

நான்கு வருடமாக எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மாமியார்கூட "அவன், அவன்" என்றுதான் சொல்வார். நான் எங்கள் வழக்கப்படி என்றைக்குமே பெயர் சொன்னதில்லை. கூப்பிடாத வீட்டில்தான் எனக்கு அத்தனை சத்தமும் கேட்டது. நீங்கள்தான் முதலில் கூப்பிட்டீர்கள், ஊருக்கு முன்னால், அவருக்குப் பிடித்த மாதிரி கையை நீட்டி. உயிரோடு இருந்தால் அவர் எந்த மூலையிலிருந்தாலும் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார். எனக்குத் தெரியாதா? நான் அவர் பெண்சாதி.

உங்களுக்கெல்லாம் கேட்டது, ஏனென்றால் உங்களுக்கு அவர் வேண்டும். அந்தக் காது எனக்கு நன்றாகத் தெரியும், நான்கு வருடம் அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் உங்களுக்குக் கேட்கும் போலிருக்கிறது. பயப்படாதீர்கள். தேடியும் போகாதீர்கள், நான் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. குக்கர் குக்கராகக் கத்துகிறது. முபஷ்ஷிரா "அம்மி, ஏன் கதவைத் திறக்கப் போகல?" என்று கேட்டாள். அப்பா மௌத்தாயிட்டார் என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் விளையாடப் போய்விட்டாள்.

வண்டியில் நீங்கள் எழுத நினைத்ததையே எழுதுங்கள். அந்த வார்த்தை இனி எனக்குக் குத்தாது.

ஹஜ்ரத்திடம் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்மாவிலிருந்து நான் இத்தா உட்காருகிறேன். கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது முடியும்வரை வெளி ஆண்கள் என்னைப் பார்க்கக் கூடாது, அதனால் நீங்கள் வராதீர்கள். பதிலும் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு என் அண்ணன் என்னை எந்த ஊரில் கட்டிக் கொடுப்பாரோ, நாம் மறுபடி எழுதுவோமோ என்னவோ.

சௌமியா அண்ணியை மட்டும் அனுப்புங்கள். நான்கு வருடமாக நான் ஒருநாள்கூட அழவில்லை. எங்கள் வீட்டில் இப்போதுதான் மௌத்து விழுந்திருக்கிறது, கூட உட்கார்ந்து அழ ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் தங்கை
அஃப்ரோஸ்