எந்தக் கோமதிக்கு அனுப்பினேன்

9.6, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில்.

போனில் பணம் அனுப்பச் சொல்லிக்கொடுத்த வங்கிக் கவுண்டர்ப் பெண் ஒரு தடவை கேட்டது இன்று நினைவில். "சார், எழுத்து தெரிஞ்சுதான் அமுக்குதீங்களா, இல்ல உத்தேசமாவா?" ரிட்டையர்டு வாத்தியார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பதிலே இல்லை.

விஷயம் இது. என் வீட்டுக்காரி செண்பகத்தின் தம்பி கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்பு நேற்று, பனவடலிசத்திரத்தில். இவளுக்கு முழங்கால் வலி, போகவில்லை. மொய்யைத் தம்பி பெண்டாட்டி கோமதிக்குப் போனிலேயே அனுப்பினேன். இன்று தம்பி கூப்பிட்டான்.

"ஏன் அத்தான், ஆளும் வரல, மொய்யும் வரல. எங்க மேல என்ன கோவம்?"

பணம் போயிருக்கிறது. வேறு கோமதிக்கு. ராயகிரியில் இருக்கும் என் தங்கைக்கு. வீட்டுப் பங்குத் தகராறுக்குப் பிறகு அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது. நம்பரை மட்டும் அழிக்கவில்லை.

எங்கள் பக்கத்து அம்பாள் பெயர் அது, வீட்டுக்கு ஒரு கோமதி. என் போனில் ஐந்து. ஊரின் முதல் எழுத்தைச் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். கோமதி ப., கோமதி ரா. அந்தக் கடைசி எழுத்துத்தான் எனக்குத் தெரியவில்லை.

செண்பகம் நம்பவில்லை. "ஒங்க தங்கச்சிக்குக் குடுக்கணும்னா சொல்லிட்டுக் குடுங்க. கண்ணு தெரியலன்னு நாடகம் எதுக்கு?"

"நெசமாவே தெரியலட்டி."

"எனக்குக் கண்ணாடியே வேண்டாம்னு கல்யாண வீட்டுல பீத்துனது யாரு?"

நான்தான். போனைப் பிடுங்கிக்கொண்டாள். இனி கரண்ட் பில், கேஸ், எல்லாம் அவளே பார்ப்பாளாம்.

10.6, செவ்வாய்

காற்று குறையவில்லை. காபியில் சர்க்கரை இல்லை. மறதி அல்ல.

தங்கை கூப்பிட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். செண்பகம் ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"என்னண்ணே, இப்பமாவது புத்தி வந்துச்சா? மிச்சப் பங்கு எப்ப?"

"தப்பா வந்துட்டும்மா. திருப்பி அனுப்பிரு."

அவள்: "எனக்கு ஒண்ணு குடுக்கணும்னா ஒனக்குக் கண்ணு தெரியாமப் போகணும், பாரு." வைத்துவிட்டாள்.

செண்பகம்: "நல்லா நடிக்கீங்க, ரெண்டு பேரும்."

மதியம் சாப்பாடு தனித்தனி.

11.6, புதன்

கண்ணாடிக் கடை. வாங்கவேண்டியது பல்பு, புளி, கண்ணாடி. முதல் இரண்டும் மறந்தேன்.

கண்ணைச் சோதித்த பெண் எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தாள். படிக்க அதை எட்டப் பிடித்துக் கையை நீட்டினேன்.

"சார், இன்னும் கொஞ்ச நாள் விட்டா கை பத்தாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் புடிக்கணும்."

எட்ட இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் போர்டு, கோபுரத்துப் பொம்மை, எல்லாம். அதை வைத்துத்தான் பீத்தியது. கிட்டத்தில் இருப்பதைப் படிப்பது வேறு கணக்காம்.

போனில் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேனே என்றேன். பெரிதாக்கினால் சில இடத்தில் பெயரின் வால் வெட்டுப்படும் என்றாள். கோமதி நிற்கும், ஊர் போய்விடும்.

வகுப்பில் இப்படிச் சில பிள்ளைகள் உண்டு. 'கரு' வரைக்கும் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தானே சேர்த்துக் 'கரும்பு' என்று கத்தும். புத்தகத்தில் 'கருப்பு' என்றிருக்கும். பொறுமையாக, விரல் வைத்துப் படி என்பேன். இப்போது கடைசி பெஞ்சில் நான்.

12.6, வியாழன்

புதுக் கண்ணாடி வந்தது. மாத்திரை அட்டையில் தேதி தெரிகிறது. மாத்திரை காலாவதி.

செண்பகத்திடம் காட்டினேன். "கண்ணாடி வாங்கிட்டா கள்ளன் நல்லவனாயிருவானோ?"

சண்டை. அவள் அப்பா வரை போனது. பிறகு என் அப்பா. போன் இன்னும் அவள் இடுப்பில்தான்.

13.6, வெள்ளி

தூறல், ஐந்து நிமிஷம். புழுக்கம் கூடியதுதான் மிச்சம்.

பதினொரு மணிவாக்கில் போன் கூவியது. செண்பகம் எடுத்துக் கையை நீட்டினாள். கண்ணைச் சுருக்கினாள். இன்னும் நீட்டினாள்.

"யாரு?"

"கோமதி பணம் போட்ருக்கா."

"எந்தக் கோமதி?"

"எந் தம்பி பொண்டாட்டிதான். மொய் வரலன்னு சொன்னாம்லா, அந்தக் கோவத்துல நம்ம பழைய மொய்யத் திருப்பிப் போட்ருப்பா." குரலில் உறுதி. முதல் எழுத்தைப் பார்த்துக் கத்தும் அதே உறுதி.

என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். முறைத்தாள். போட்டாள். கை தானாக மடங்கி, போன் முகத்துக்குக் கிட்ட வந்தது.

"...ரா."

கீழே ஒரு வரி இருந்தது. அவளே வாய்விட்டுப் படித்தாள், எழுத்துக் கூட்டாமல்: "தப்பா வந்தது எனக்கு வேண்டாம். வரவேண்டியதுதான் வேணும்."

சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கப் போனவள் அங்கிருந்தே சொன்னாள்: "சரி. கண்ணுதான். அதுக்காக ஒங்க தங்கச்சி பேசுதது நியாயமாயிராது."

மன்னிப்பு மாதிரி இல்லை. போன் மட்டும் என் பக்கம் வந்தது.

அவள் என் தோளுக்குப் பின்னால் நிற்க, கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, கோமதி ப. என்று இரண்டு தடவை படித்து, மொய்யை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. ரா.வுக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை.

எனக்கு நானே எழுதி வைப்பது: போனைச் சாதாரணமாகப் பிடி, கையை நீட்டாதே. பெயரைக் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படி. முடியவில்லையா, கண்ணாடி போடும்வரை அமுக்காதே.