கிணற்று மேல் நின்று எண்ணியது

உங்களுக்கு வணக்கம் வைத்து எழுதுகிறேன். சாமி புண்ணியத்தில் நான் நலம். உங்கள் காது வலி தேவலையா?

நான் சமைக்கும் கம்பெனியில், கடலுக்கடியில் மூழ்கிப் புதிர் அவிழ்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறார்கள். "அக்கா, ஆடிப் பார்த்துட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றாள் அதைச் செய்யும் பெண்.

"இரும்புப் பெட்டியைத் தூக்கிட்டு வர்றவனும் வெறுங்கையோட வர்றவனும் ஒரே நேரத்துல மேல வர்றாங்களே, எப்படிம்மா?" என்றேன்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று சிரித்தாள்.

"கிணத்து மேல நின்னு படிச்சேன்."

ஊர்க் கிணறுகளில் விழும் மோட்டார்களை எடுக்க நீங்கள் மூழ்கும்போதெல்லாம், சாமி பேரைச் சொல்லி எண்ணிக்கொண்டு நிற்பேனே. வெறுங்கை என்றால் முப்பதில் மேலே வருவீர்கள், பாரம் என்றால் நாற்பத்தைந்தில். நோட்டில்கூடக் குறித்திருக்கிறேன்.

நான் சொன்னபடியே மாற்றிவிட்டார்கள். நேற்று மறுபடி ஆடினேன். பெட்டியைத் தூக்கியவன் நாற்பத்தைந்து தாண்டியும் மேலே வரவில்லை. பொம்மைதான், ஆனாலும் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறதென்று சொல்லி எழுந்துவிட்டேன்.

நான் திரும்பும்வரை கிணற்றில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் உங்கள் தங்கையை மேலே நிற்கவையுங்கள். நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் அவசரக்காரி, நிதானமாக எண்ணச் சொல்லுங்கள்.

உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இங்கே நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி