செடிப் பக்கம் திரும்பிய விளக்கு

இன்று மாலை, நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பல்பு அணைந்துவிட்டது. கழற்றித் துடைத்தேன். அதன் வெள்ளைக் கழுத்தில் கடைக்கார நானா நீலப் பேனையால் எழுதிய திகதி இன்னும் அழியவில்லை. அவர் சொன்ன கேரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. நீ போன பிறகும் ஒரு மழைக்காலம் முழுக்க அது எரிந்திருக்கிறது.

கரண்ட் பில்லைக் குறைக்க எல்.ஈ.டி. பல்பு வாங்கலாம் என்று ஹட்டன் டவுனுக்கு என்னை இழுத்துப் போனவள் நீதான். "பின்னா, ஸ்க்ரூவா?" என்று நானா கேட்டார். பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த பல்பு எப்படி மாட்டியிருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியவில்லை. நீ துணிந்து ஸ்க்ரூ என்றாய். வீட்டில் இருந்ததோ பின். மறுநாள் அதே பெட்டிகளோடு மறுபடி பஸ் ஏறினோம்.

"சல்லி மிச்சம் புடிக்க வந்த புள்ளைங்க, பஸ்ஸுக்கே எல்லாத்தையும் குடுக்குறீங்களே" என்று சிரித்தபடி மாற்றிக் கொடுத்தார்.

தோட்டத்து லயத்தில் உங்கள் வீட்டில் குண்டு பல்புகள் இறங்கின. பில்லும் இறங்கியது. மிச்சமானதை உன் அப்பா கைச்செலவுக்குக் கேட்டார். அம்மா கோயிலுக்கு என்றார். நீ இன்னொரு பல்பு வாங்கினாய். வயர் வேலை தெரிந்த உன் சித்தப்பாவைப் பிடித்து, நாம் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும், குளிக்கும் பீலிக்கரைவரை உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தாய். பால்மா டின்னை வெட்டி பல்புக்கு மறைப்பு வைத்தாய்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, வீடு வந்து, சமைத்து முடித்து, இருட்டிய பிறகுதான் நம் அம்மாக்கள் குளிப்பார்கள். தேயிலைச் செடிகளுக்குள் யாரோ நிற்பதாகப் பலமுறை சொல்லியிருந்தார்கள். காற்றாக இருக்கும் என்பார்கள் ஆண்கள்.

விளக்கு எரிந்த அன்றே உன் அப்பா வந்து நின்றார். "பொம்பளைங்க குளிக்கிற எடத்துல என்னாத்துக்குடி வெளிச்சம்?"

நீ வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாய்: "வெளிச்சம் எங்க மேல விழலப்பா. செடி மேலதான் விழுது. அங்க நிக்கிறது யாருன்னு எங்களுக்குத் தெரியணும்ல."

அதன் பிறகு அந்தச் செடிகளுக்குள் காற்று அடித்ததாக யாரும் சொல்லவில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மாதமே உன் அப்பா வயரைக் கழற்றினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வெளிச்சத்தை அவரால் பார்க்க முடியவில்லை. ஆனால் என்னால் அதை விடவும் முடியவில்லை. பில்லைச் சமாளிக்க எங்கள் வீட்டுக் குண்டு பல்புகளையும் மாற்றினேன். எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்து, உன் பல்பையே மாட்டினேன்.

"அவளே போயிட்டா. இனி லைட்டு யாருக்கு?" என்று உன் அப்பா கேட்டார்.

"நாங்க இருக்கோமே மாமா" என்றேன். அதிகம் பேசாத என் வாயிலிருந்து அது வந்ததில் அவருக்கும் வியப்பு, எனக்கும்தான். அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டில் எப்போதும் ஒரு பல்பு வாங்கி வைத்திருப்பேன். ஸ்க்ரூ இல்லை, பின் பல்புதான். சற்றுமுன் அதை மாட்டினேன். டின்னை நீ வைத்தபடியே திருப்பினேன். முன்பெல்லாம் செடிகளுக்கு முதுகு காட்டி, அவசரமாகக் குளித்துவிட்டு ஓடுவோம், நினைவிருக்கிறதா? இப்போது செடிகளைப் பார்த்து நின்றுதான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன்.