ஐஸ் மரப்பு என்று இருந்துவிட்டேன்

பனிமய மாதா துணை

தூத்துக்குடி
14.9.1978

அன்பு மகள் கிளாடிஸுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் உன் ரோஸ் சித்தியும் நலம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹென்றியும் சுகம்தானா என்று அறிய ஆசை. யார் கிறுக்கியது என்று மலைக்காதே, என் எழுத்துதான். கண் தெரியவில்லை என்று இத்தனை வருஷம் சித்தியை எழுதச் சொன்னேனே, அது பொய். கண்ணுக்கு ஒன்றுமில்லை, பேனா பிடிக்கத்தான் முடியவில்லை. இதையே மூன்று நாளாக எழுதுகிறேன்.

டைப் அடித்து உன் வலது கை மரத்துப்போகிறது, டாக்டர் மணிக்கட்டில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார், உனக்குச் செய்து நல்லாகிவிட்டதே அம்மா, வேலை நிரந்தரமாகும்வரை ஒரு வருஷம் பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பொறுக்காதே மகளே. இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கை விட்டு இறால் தலை கிள்ளுகிற எல்லோருக்கும் கை மரக்கும், அதனால் நானும் ஐஸ் மரப்பு என்றே ஐந்து வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். பெருவிரலடிச் சதை வற்றின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று டாக்டர் ஏசினார். ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், எரிச்சலும் குத்தலும் அந்த வாரமே போயிற்று. ஆனால் செத்த உணர்வும் போன பலமும் எட்டு வருஷமாகியும் வரவில்லை. ரவிக்கைக்கு ஊக்கு மாட்டக்கூட ரோஸ் வேண்டும். என் கையில் டம்ளரைக் கொடுத்தால் அது தரைக்குத்தான் என்று பக்கத்து வீட்டு இன்பமணி கேலி செய்வாள், நானும் சிரித்துவைப்பேன்.

உன் அப்பா போன அன்று நடந்ததையும் உன்னிடம் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்தவர், முன்பு தோணி ஏறும்போதெல்லாம் கேட்பதுபோல, நெற்றியில் சிலுவை போடு என்று கேட்டார். போட்டேன். பெருவிரலை எடுக்காமல் கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். ரோஸ் வந்து தொட்டுப் பார்த்து, யக்கா, நெத்தி சில்லுன்னு கெடக்கு, அத்தான் எப்பமோ போயிட்டாவ என்றாள். என் விரல் அந்த நெற்றிமேல்தான் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்து அழாத நாளில்லை.

மாப்பிள்ளையிடம் இந்த எழுத்தைக் காட்டு, வேறு பேச்சு வேண்டாம். ஆபரேஷன் தேதியை உடனே எழுது, நானும் ரோஸும் ரயிலேறி வந்து ஹென்றியைப் பார்த்துக்கொள்கிறோம். மாதா உங்கள் மூவரையும் கைவிடமாட்டாள். படுக்கும்போது பிள்ளை நெற்றியில் சிலுவை போடுகிறாய் அல்லவா, அந்த நெற்றி சுடுகிறதா என்று உன் விரலுக்குத் தெரிய வேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
பேபி