கிரேஸ் என்னைக் கூட்டிப்போன வீதி

அக்கா,

உங்கள் மகள் உங்கள் சூட்கேஸை என்னிடம் கொண்டுவந்து தந்துவிட்டாள். வீட்டில் இடமில்லையாம். டண்டினொங் புறநகரில் என் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது. சில்லுகளில் இன்னும் செம்மண். நாட்டை விட்டு அசைய முடியாதவனுக்கு ஒரு சூட்கேஸ். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைத்தால் மலாவி. ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்காக அங்குள்ள எச்.ஐ.வி. கிளினிக்குகளைப் பார்த்து வருவீர்கள். நான் படகில் வந்தவன். தற்காலிக விசா. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். உங்களை வழியனுப்ப வரும் என் பயணம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவோடு முடியும்.

"அடுத்தமுறை நீயும் வாறாய்."

"ஓம் அக்கா."

ஒவ்வொரு முறையும் இதே பேச்சோடு கதவு உங்களுக்குப் பின்னால் மூடும்.

ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வீடியோவில் வந்தீர்கள். அங்கே காலை. மரத்தடியில் நீண்ட வாங்கு. அதில் அமர்ந்து மாத்திரைக்குக் காத்திருக்கும் பெண்கள்.

"இவா கிரேஸ். இண்டைக்கு இவாவின்ர முறை."

கிளினிக் அவர்களுக்கு வெகுதூரம். ஆகவே அயலில் மருந்து எடுப்பவர்கள் குழுவாகச் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவர் நடந்து வந்து எல்லோருடைய மாத்திரைகளையும் வாங்கிப்போவார். வர முடியாதவருக்காக வருவது அங்கே உதவி அல்ல. ஒழுங்கு.

கிரேஸ் என்னை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஆள் வடிவாத்தானே இருக்கிறான், வருத்தமொண்டும் இல்லைப்போல, பிறகேன் வரேல்லையெண்டு கேக்கிறா."

"போனால் திரும்பி வரக் கடதாசி இல்லையெண்டு சொல்லுங்கோ."

சொன்னீர்கள். வாங்கு முழுவதும் சிரித்தது. கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் இவனுக்கு என்ன எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்டும் வேண்டாம் அக்கா."

"எட விசரா, அவா கேட்டுக்கொண்டு நிக்கிறா. ஏதாவது கேளடா!"

"அப்ப... கிளினிக் கேற்றுக்கு வெளியில என்ன இருக்கெண்டு காட்டச் சொல்லுங்கோ."

கிரேஸ் போனை வாங்கிக்கொண்டு நடந்தார். செம்மண் வீதி. விறகு கட்டிய சைக்கிள். ஆடுகள். அவர் நடந்துகொண்டே இருந்தார். பின்னால் உங்கள் குரல்: "என்ர போன்! எங்க கொண்டு போறா?" வீதி ஒரு வளைவில் திரும்பியபோது படம் உறைந்தது. நான் இறங்கவேண்டிய பஸ் தரிப்பிடம் தாண்டிப்போயிருந்தது.

இந்த மாரியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். மலாவிக்கு டிக்கட் போட்டு வைத்திருந்தீர்கள். அங்கே சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை.

நேற்று நான்தான் கிரேஸுக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கிரேஸ் கேட்டார்: அவளுடைய முறைக்கு இனி யார் வருவது? உங்களையும் தங்களில் ஒருத்தியாகவே எண்ணியிருக்கிறார்கள்.

என்னால் வர முடியாது என்றேன். ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் ஒவ்வொரு கிழமையும் சொல்வது. அப்பாவின் செத்தவீட்டுக்கும் சொன்னது. அதைக் கேட்டவர்கள் எல்லோரும் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். கிரேஸ் மாற்றவில்லை. வர முடியாதவர்கள் குழுவில் எப்போதும் இருப்பார்கள், அதற்காக யாரையும் நீக்குவதில்லை என்றார். உங்கள் இடத்தில் என்னைச் சேர்த்துவிட்டாராம்.

அக்கா, என்னிடம் இப்போது ஒரு முறை இருக்கிறது. நான் போகவில்லை. அதனால் அது தீரவும் இல்லை.