நழுவும் தோள்

அன்புள்ள அக்காவுக்கு,

விடுதியில் நன்றாகச் சாப்பிடுகிறாயா? அம்மா அப்பா தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உனக்கு இதை எழுதக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "செலக்‌ஷன் முடியட்டும், அவ மனசைக் குழப்பாத" என்றாள்.

என் முழங்கால் வலிக்காக அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா என் கட்டைவிரலை முன்கையில் தொட வைத்தார், சுண்டுவிரலைப் பின்னால் வளைக்கச் சொன்னார். மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்பதற்கு ஒன்பதுக்கு எட்டு மதிப்பெண். கணக்கில்கூட நான் அப்படி வாங்கியதில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுல எல்லாருமே ரப்பர்தான் டாக்டர், பெரியவ ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா" என்று சொல்லி, காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்துக் காட்டினார். விருந்தாளிகளாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள். டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, "உங்களுக்கு எங்கெல்லாம் வலிக்கும்?" என்று கேட்டார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு இடுப்பு, மணிக்கட்டு, கணுக்கால் என்று சொல்லிக்கொண்டே போனார். நமக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது அக்கா.

மூட்டுகளைச் சேர்த்துக் கட்டும் நார்கள் எனக்குப் பிறவியிலேயே தளர்வாம். அவை பிடிக்காததைத் தசைகள் பிடிக்கின்றனவாம். "நீ சும்மா நின்னாலே உன் உடம்பு வேலை செய்யுது, அதான் களைப்பு" என்றார். பிரேயரில் நெளிகிறேன் என்று டீச்சர் திட்டும்போதெல்லாம், உள்ளே அத்தனை தசைகளும் என்னை விழாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. நினைத்தால் சிலிர்க்கிறது.

பயிற்சிதான் வைத்தியமாம். முழங்காலைப் பின்னால் தள்ளாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் தடவை அப்படி நின்றபோது தரையே புதிதாக இருந்தது.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் தோள் நழுவுவதையும், நீயே அதைத் தள்ளிப் பொருத்திக்கொள்வதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேனே. யாருக்கோ போலக் கேட்டுப் பார்த்தேன். நழுவ நழுவ அது இன்னும் சுலபமாக நழுவும், நரம்புகூட அடிபடலாம் என்றார் டாக்டரம்மா. என்னையே பார்த்தார். நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

விளையாடாதே என்று சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு விளையாடு. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன்.

சத்தியத்தை மீறியவள் என்று கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு அக்கா. இரண்டு கையையும் வீசி வீசித் திட்டு.

உன் தங்கை